எண்பத்தைந்தைத் தாண்டாதே

அத்தியாயம் 6

"அக்கா, இது வெடிக்குமா?"

ஸ்மைலின் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜாஸ்மி மேஜை மேல் துண்டை விரித்து அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டியதுமே அவன் நாற்காலியைச் சுவரோரம் வரை தள்ளிவிட்டான். உள்ளங்கை அளவுப் பெட்டி. முன்னால் சின்னத் திரை, பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர்.

"வெடிக்காது மக்கா. வெடிச்சா சத்தமாவது கேக்கும்" என்றாள் நேசம்மாள்.

நேசம்மாள் சும்மா பேச்சுக்குச் சொல்லுகிற ஆள் இல்லை. இருபத்தேழு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய வண்டிகளுக்கு அடியில் படுத்து, வண்டிக்காரர்கள் சொன்ன பொய்களை எல்லாம் எண்ணி எடுத்தவள். வேலையை விட்டபிறகு நெய்யூர் ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். ஸ்மைலின் கருங்கல் ரூட்டில் பதினோரு வருஷம் மினி பஸ் ஓட்டியவன். முதலாளியோடு வாய்த்தகராறு ஆகி இறங்கினவன் நேராக அவளிடம் வந்து சேர்ந்தான். டிரைவர், அசிஸ்டென்ட், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். வாய் மட்டும் குறையவே இல்லை.

"எங்க கெடந்து?" நேசம்மாள் கேட்டாள்.

"எங்க வீட்டுக் கார் ஷெட்ல அக்கா. இண்ணைக்குக் காலையில பெருக்கும்போ டூல் ரேக்குக்குப் பொறத்தால இருந்து விழுந்து." ஜாஸ்மி பள்ளிக்கூடத்து டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் இன்றைக்குத் தன் கைகளையே அடக்க முடியாமல் மடியில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஜெரிஷ்கிட்ட கேட்டியா?"

"கேக்க பயமாக்கும்."

பயப்படாமல் என்ன செய்வாள், பாவம்! பதினாறு நாளைக்கு முன்னால் அவள் புருஷனின் உயிர்த்தோழன் டெல்வின் ஆரல்வாய்மொழி நாலு வழிச்சாலையில் செத்துப்போனான். ஓடிக்கொண்டிருந்த வண்டியில் எஞ்சின் பட்டென்று அணைந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் அறைந்தது. கார் தடுப்புச்சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்றியவன் ஜெரிஷ். மெக்கானிக் தொழில் படித்தவன் இல்லை. வளைகுடாவில் கிரேன் ஓட்டினவன், ஊருக்கு வந்தபின் தன் வண்டியையும் கூட்டாளிகள் வண்டியையும் வீட்டு ஷெட்டிலேயே பார்த்துக்கொள்வான்.

"என் கைப்பிழைலதான் செத்தான்னு அவரு ஒரே சொல்லாச் சொல்லுதாரு அக்கா. சோறு எறங்கல்ல. டெல்வினுக்க பெண்டாட்டி பெபிஷா அடக்கத்தண்ணைக்கு எல்லாருக்க முன்னாலயும் இவரு மொகத்துக்கு நேரே கதவைச் சாத்தினா. நாளைக்கு ஸ்டேஷன்ல போய், நான்தான் கொன்னேன்னு எழுதிக் குடுக்கப் போறாராம்." ஜாஸ்மி பெட்டியைப் பார்த்தாள். "ஃபில்டர் மட்டும்தான் மாத்தினேன்னு சொன்னாரு. இது எதுக்கு அப்பம்? எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எனக்க மாப்பிள்ளை எங்கிட்ட பொய் சொல்லுதாரா?"

நேசம்மாள், ஜாஸ்மி கொண்டுவந்திருந்த சர்வீஸ் டைரியைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் ஜெரிஷின் குண்டு எழுத்தில் மூன்று வண்டிகள், சேசிஸ் நம்பரோடு. டெல்வின், ஜெரிஷ், ஷாஜன். மூன்றும் ஒரே மாடல், ஒரே வெள்ளை.

"மூணு பேரும் குவைத்துல ஒரே கேம்ப். ஊருக்கு வந்து ஒரே நாள்ல, ஒரே ஷோரூம்ல எடுத்தாங்க. வண்டியை மந்திரிச்சு ஆசீர்வதிக்க ஃபாதரும் வந்தாரு, ஜெபம் பண்ண எங்க பாஸ்டரும் வந்தாரு" என்றாள் ஜாஸ்மி.

"ரெண்டு கம்பெனி கேரண்டி" என்று ஸ்மைலின் முணுமுணுத்தான். நேசம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"டெல்வின் அண்ணைக்குத் திருநெல்வேலிக்கு எதுக்குப் போனான்?"

"யாரோ ஆபீசரைப் பாக்கணும்னு. எதுக்குன்னு பெபிஷாகிட்டயும் சொல்லல்ல."

"சரி. நீ வீட்டுக்குப் போ. இதை யார்கிட்டயும் மூச்சு விடாத. ஜெரிஷ்கிட்டயும் கூட." நேசம்மாள் பெட்டியைக் கைப்பையில் போட்டாள். "ஏலே ஸ்மைலின், வண்டியை எடு. இண்ணைக்கு நீ வீட்டு மெக்கானிக்."

"நானா? எனக்கு ஸ்டெப்னி மாத்தவே ரெண்டு ஆள் வேணும் அக்கா."

"அதுதான் நல்லது. தெரிஞ்சவன் கேள்வி கேக்க மாட்டான்."

கருங்கல் சந்தைக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்குக் குவியல்களைத் தாண்டி, ரசலையன் கடை. வண்டிக்கான டூல் என்றால் மேற்குப் பக்கத்து ஜனங்கள் வேறெங்கும் போவதில்லை. வானம் இருண்டு கிடந்தது. மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல், ஏதோ வீட்டில் கெட்ட சேதி சொல்ல வந்தவன் வாசலில் தயங்கி நிற்கிற மாதிரி ஒரு பகல். ஸ்மைலினுக்கு அது பிடிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, வீட்டுல வண்டியை நானே பாக்கலாம்னு ஒரு யோசனை. கம்ப்யூட்டர் வச்சுப் பாக்குற மிஷின் ஒண்ணு வேணும்."

ரசலையன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை அளந்தார். "வண்டி என்ன?"

சொன்னான்.

"வருஷம்?"

சொன்னான்.

"வாரண்டி முடிஞ்சுதா? பெட்ரோலா டீசலா? கையில எத்தனை ஸ்பானர் இருக்கு? தப்பாப் போனா பக்கத்துல கேக்க ஆள் உண்டா?"

"பொண்ணு கேட்டு வந்தவனைக் கேக்குற மாதிரில்லா கேக்குறீங்க!"

"பொண்ணு கேட்டு வந்தவன் தப்புப் பண்ணினா ரெண்டு குடும்பம்தான் அழும்" என்ற ரசலையன் கண்ணாடிப் பலகை மேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். "இந்தா, இது குட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகிட்டு ஃபோன்ல பாக்கலாம். எஞ்சின் லைட்டு எதுக்கு எரியுதுன்னு சொல்லும். வீட்டுக்காரனுக்கு நூத்துக்குத் தொண்ணூறு வேளை இது போதும். இது ரெண்டாவது. பிரேக்கு, ஏர்பேக்கு எல்லாம் வாசிக்கும். சொந்தமாத் திரை உண்டு, ஃபோன் வேண்டாம். மூணாவது, வாசிக்க மட்டும் இல்ல, வண்டிக்குக் கட்டளையும் போடும். ஃபேனைச் சுத்துன்னா சுத்தும், பம்பை ஓட்டுன்னா ஓட்டும். எந்த பார்ட்டு செத்துப்போச்சுன்னு மாத்துறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும். விலையைப் பாத்து வாங்காதீங்க. உங்க வண்டிப் பேரு அதுக்க லிஸ்ட்ல இருக்கான்னு பாத்து வாங்குங்க. லிஸ்ட்ல இல்லேன்னா எத்தனை பெரிய மிஷினும் பேப்பர் வெயிட்டாக்கும்."

"அந்தப் பீரோவுக்குள்ள?" நேசம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். கடைக்குப் பின்னால் பூட்டிய இரும்புப் பீரோ.

"அது டியூனிங். வாசிக்கிறது இல்ல, எழுதுறது. வண்டிக்க மூளையைத் திறந்து, இத்தனை டீசல் குடி, இத்தனை வேகம் போன்னு மாத்தி எழுதும். வீட்டு மெக்கானிக்குக்கு அதை நான் குடுக்கிறதில்ல." கிழவர் சட்டென்று பேச்சை நிறுத்தி, பெருமூச்சு விட்டார். "ஜெரிஷ்னு ஒரு தம்பி இங்கயே உண்டு. எட்டு மாசம் வந்து வந்து கேட்டான், எதை எடுக்கட்டும்னு. நோட்டுல எழுதி எழுதிப் பாத்து, கடைசியில ரெண்டாவதைத்தான் எடுத்தான். டியூனிங்கைக் காட்டினேன். கையால தொடல்ல. தப்பா எழுதினா நம்மளால அழிக்கத் தெரியாது அண்ணாச்சின்னான். அந்தப் பையன் மேலயா இப்படி ஒரு பழி வரணும்!"

நேசம்மாள் கைப்பையைத் திறந்து கறுப்புப் பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

ரசலையன் முகம் வெளுத்தது. "இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சு?"

"அந்தப் பையனுக்க ஷெட்ல. உங்க கடைச் சரக்குதானே?"

கிழவர் பெட்டியைத் திருப்பித் தன் கடை ஸ்டிக்கரைப் பார்த்தார். ஒரு பழைய பேட்டரியை இழுத்து, ஒயரைக் கொடுத்தார். திரை நீலமாக முழித்தது.

"இது அந்தப் பீரோவில உள்ள டியூனிங் பெட்டி அம்மா. முதல்ல எந்த வண்டியில சொருகி எழுதுறோமோ அந்த வண்டிக்க சேசிஸ் நம்பரைப் பிடிச்சு வச்சுக்கிடும். பொறவு வேற வண்டியில போட்டா வேலை செய்யாது. ஒரு பெட்டிக்கு ஒரு வண்டி."

"என்னை மாதிரி ஏகபத்தினி விரதம்" என்றான் ஸ்மைலின். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். டெல்வினின் நம்பர் வரும். ஜெரிஷ் பொய் சொன்னான் என்று ஆகும். ஜாஸ்மியின் முகத்தைப் பார்த்து அதை யார் சொல்லுவது?

"டைரியில டெல்வின் வண்டிக்க சேசிஸ் நம்பரைப் படி" என்றாள் நேசம்மாள்.

"கடைசி நாலு... நாலு நாலு ஒண்ணு ஏழு."

ரசலையன் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். "நாலு நாலு ரெண்டு ஒண்ணு."

ஸ்மைலின் மறுபடி டைரியைப் பார்த்தான். டெல்வின் இல்லை. ஜெரிஷும் இல்லை, ஜெரிஷுக்குக் கடைசியில் ஒன்பது. விரல் மூன்றாவது வரிக்கு இறங்கியது.

"அக்கா. இது ஷாஜனுக்க வண்டி."

"உள்ள என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

கிழவர் பொத்தான்களை அமுக்கினார். அவருடைய விரல் நின்றுவிட்டது. "எண்பத்தஞ்சு. வேகம் எண்பத்தஞ்சைத் தொட்டா டீசலை நிறுத்துன்னு எழுதியிருக்கு. சாவியைத் திருப்பி மறுபடி போட்டாத்தான் உயிர் வரும். ஓடுற வண்டியில... எந்தப் படுபாவி இப்படி எழுதுவான்? அடுத்த நாளே அழிச்சுப் பழையபடி மாத்தியும் வச்சிருக்கான்."

"சோதனை" என்றாள் நேசம்மாள். "தனக்க வண்டியில முதல்ல போட்டுப் பாத்திருக்கான், சரியா நிக்குதான்னு. பொறவு அதையே டெல்வின் வண்டிக்கு எழுதிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் ஜெரிஷ் ஷெட்ல ஒளிச்சு வச்சிருக்கான். ஆனா எல்லாம் ஒண்ணுபோல இருக்குற பெட்டி. டெல்வினுக்க பெட்டின்னு நினைச்சுத் தனக்க பெட்டியைப் போட்டுட்டுப் போயிட்டான்."

ஸ்மைலின் டைரியை மூடினான். பதினோரு வருஷம் அந்த ரோட்டில் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு மற்றது புரிய ஒரு நொடி போதும். "அக்கா, கருங்கல்லேருந்து நாகர்கோவில் வரைக்கும் எவனும் எண்பத்தஞ்சுல போக முடியாது. வளைவு, சந்தை, ஸ்கூல், குறுக்க ஆட்டோ. அறுபது தொட்டாலே நம்ம ரோட்டுல அது சாதனை. மாசக்கணக்கா ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் நாலு வழிச்சாலையில ஏறினாத்தான்..."

"காத்தும் அங்கதான் அடிக்கும்." நேசம்மாள் முகம் கறுத்தது. "போன மாசி மாசம் ஷாஜனுக்க ஐஸ் பிளான்ட்ல கேஸ் கசிஞ்சு ஒரு வேலைக்காரன் செத்தான். நெஞ்சுவலின்னு எழுதி மூடினாங்க. அங்க சூப்பர்வைசரு யாரு? டெல்வின். ஆபீசரைப் பாக்க எதுக்குப் போனான்னு இப்பம் புரியுதா?"

ஸ்மைலின் பல்லைக் கடித்தான். ஷாஜன்! சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவன். ஜெரிஷுக்குத் தோள்கொடுத்து அழுதவன். சவத்துப் பய, அவன் கண்ணீரைப் பார்த்து ஸ்மைலினும் இரண்டு சொட்டு அழுதிருக்கிறான்.

"அண்ணாச்சி, ஷாஜனுக்கு நீங்கதானே வித்தீங்க?"

"ஒர்க்ஷாப்பு தொடங்கப் போறேன்னு சொன்னான் அம்மா. நம்பிட்டேன்." ரசலையன் பூட்டிய பீரோவைப் பார்த்தார். "ஒரே நாள்ல எடுத்துட்டுப் போனான். மூணு பெட்டி."

வெளியே யாரோ கிழங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று. ஒன்று அவன் வண்டிக்கு. ஒன்று டெல்வின் வண்டிக்கு. ஸ்மைலின் மூன்றாவது விரலை மடக்கவில்லை. அவன் மடக்குவதற்குள் நேசம்மாள் ஃபோனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஜாஸ்மி, ஜெரிஷ் எங்க?"

"நான் வாறதுக்குள்ள கெளம்பிட்டாரு அக்கா. திருநெல்வேலிக்கு." ஸ்பீக்கரில் ஜாஸ்மியின் குரல் நிம்மதியாகவே வந்தது. "ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்ன ஒரு வக்கீலைப் பாத்துப் பேசிரட்டும்னு ஷாஜன் அண்ணன்தான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு. பதினொண்ணரைக்கே போயாச்சு. நான் தனியா இருக்கேன்னு அண்ணன் இங்கதான் இருக்காரு. சாயா போட்டுக் குடுத்தேன்."

மணி பன்னிரண்டு நாற்பது. ஸ்மைலின் மனசுக்குள் ரோட்டை ஓட்டிப் பார்த்தான். திங்கள்சந்தை, வில்லுக்குறி, நாகர்கோவில் நெரிசல். எப்படிப் பார்த்தாலும் ஜெரிஷ் இந்நேரம் ஆரல்வாய்மொழியை நெருங்கியிருப்பான். நாளைக்கு அவன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் போலீஸ் டெல்வின் வண்டியைப் பிரித்துப் பார்க்கும்; அதற்கு முன்னால் அவனும் செத்தால் பழி அவனோடே புதைந்துவிடும்.

நேசம்மாளின் குரல் தாழ்ந்தது. "நான் சொல்லதைக் கேட்டு முகத்தை மட்டும் மாத்தாத. உங்க வண்டியை ஷாஜன் எடுத்தானா, இந்த ரெண்டு நாள்ல?"

கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம். பிறகு டீச்சர் குரல், வகுப்பில் பேசுவது போலத் தெளிவாக: "ஆமாக்கா. நேத்து மத்தியானம்தான். அது இருக்கட்டும், குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா என்ன செய்யணும்?"

"பக்கத்து வீட்டுல தேங்கா வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வெளிய வா. வீட்டுக்குத் திரும்பிப் போவாண்டாம்."

ஸ்மைலின் ஏற்கெனவே அடுத்த ஃபோனில் இருந்தான். ஸ்டேஷனில் அவனுக்குத் தெரிந்த எஸ்.ஐ. ஒருவர் உண்டு. "சார், ஜெரிஷ் வீட்டுல ஷாஜன் சாயா குடிச்சிட்டு இருக்கான். கிளாஸ் காலியாகுறதுக்கு முன்ன போயிருங்க சார். காரணத்தை வழியில சொல்லுதேன்."

நேசம்மாள் ஜெரிஷைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மறுபடியும்.

"எடுக்க மாட்டான் அம்மா" என்றார் ரசலையன். "ஓட்டும்போது ஃபோனைத் தொடாத பையன். அவனை அடிச்சாலும் தொட மாட்டான்."

"நான் விரட்டிப் பிடிக்கவா அக்கா?"

"நாப்பது கிலோமீட்டர் முன்னால போறவனையா?" நேசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடி ஸ்மைலின் பார்த்ததே இல்லை. திறந்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "போன வாரம் கடப்புறத்துல பெபிஷா வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனோமே. டெல்வினுக்க ஃபோன் ஜெபமாலை பக்கத்துல சார்ஜ்ல கெடந்து. அணைக்க மனசு வரல்லன்னு சொன்னா. அந்த நம்பர்லேருந்து மணி அடிச்சா அவன் எடுப்பான்."

ரசலையன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிற சபையைச் சேர்ந்தவர் இல்லை. அன்றைக்குக் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

பெபிஷா எடுத்தாள். ஜெரிஷ் என்ற பேரைக் கேட்டதும் சீறினாள். "அந்த ஆளுக்க பேரை எங்கிட்ட எடுக்காதீங்க."

"பெபிஷா, உன் மாப்பிள்ளையைக் கொன்னது ஜெரிஷ் இல்ல. கொன்னது ஷாஜன். அதே மாதிரி இப்பம் ஜெரிஷையும் கொல்லப் போறான். ஜெரிஷ் அதே ரோட்டுல போயிட்டிருக்கான். நான் நிரூபிச்சுக் காட்டுதேன், இப்பம் நேரம் இல்ல. டெல்வின் ஃபோன்ல அவனைக் கூப்பிடு. என்னையும் அந்த லைன்ல சேர்த்துக்க."

மறுமுனையில் கடல் மட்டும் கேட்டது. ஸ்மைலின் ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னான், வெட்கமே இல்லாமல். போய்விட்டாளா? வைத்துவிட்டாளா?

மணி அடிக்க ஆரம்பித்தது.

இரண்டு. மூன்று. ஐந்து. ஏழு.

சட்டென்று காற்றின் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு மனுஷக் குரல், உடைந்து: "டெல்வினே?"

ஸ்மைலின் ஃபோனை நோக்கிக் குனிந்தான்.

"நான் பெபிஷா பேசுதேன் அண்ணே." அவள் குரலும் சரியாக இல்லை. "எத்தனையில போறீங்க?"

"பெபிஷா... நீயா என்னை..."

"எத்தனையில போறீங்கன்னு கேட்டேன்!"

"எண்பத்... எண்பத்தொண்ணு."

"ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடு" என்றாள் நேசம்மாள். "பிரேக்கை மெள்ள. பதறாத. இடதுபக்கம் ஒதுக்கு. எத்தனை?"

"எழுபத்தாறு. யாரு இது?"

"பொறவு சொல்லுதேன். எத்தனை?"

"அறுபது... நாப்பது." டயருக்கடியில் சரளை நொறுங்கியது. "நின்னாச்சு."

"சாவியை எடுத்துக் கையில வச்சுக்க. எறங்கி வெளிய நில்லு."

கதவு திறந்தது. காற்று ஃபோனைக் கிழித்துவிடும் போலிருந்தது. நேசம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். பெட்டி, எண்பத்தைந்து, ஷாஜன், மூன்றாவது பெட்டி. நாலே வரியில் சொன்னாள். அதற்குள் ஸ்மைலினுடைய ஃபோனில் எஸ்.ஐ. வந்தார். பிடித்தாயிற்று, ஜாஸ்மி பக்கத்து வீட்டில் பத்திரம். ஸ்மைலின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நேசம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீசிக்கொண்டே இருந்தது. ஜெரிஷ் ஷாஜனைப் பற்றிக் கேட்கவில்லை. தான் இன்னும் நாலு கிலோமீட்டர் வேகம் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவில்லை.

"பெபிஷா" என்றான். "அப்பம் டெல்வினை நான் கொல்லல்லியா?"

ஸ்மைலின் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தான். நேசம்மாள் அவன் கையை இறுகப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்ல அண்ணே" என்றாள் பெபிஷா. அழுகை முட்டியது. "நீங்க இல்ல. பதினாறு நாளா உங்களைச் சபிச்சுக்கிட்டே இருந்தேன், மன்னிச்சிருங்க. அந்த வண்டியில ஏறாண்டாம். அங்கனயே நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."